மாத்திரை, ஊசி பழகியவரே சுகாதாரப் பணியாளர்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் டீக்கடையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். போதைப் பழக்கத்தில் இருப்பவர்கள், அவர்கள் வீட்டார், புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஆகிய மூவருக்கும் இது பயன்பட வேண்டும்.

"பியர், பியர்ங்கறீங்களே, யாருங்க அது? டாக்டரா, போலீஸ் ஆளா?"

இரண்டும் இல்லை. போதை ஊசியோ மாத்திரையோ பழகியவர், அல்லது பழகி நிறுத்தியவர். அதே பழக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்குச் சுத்தமான ஊசி, பரிசோதனை, சிகிச்சை, சட்ட உதவி எல்லாம் கிடைக்க வழி செய்கிறவர். காகிதத்தில் 'சகக் கல்வியாளர்' என்று எழுதுவார்கள், களத்தில் 'பியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கும் ஊசிப் பழக்கத் திட்டங்களில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒரு பியர் என்பது கணக்கு.

அவர் மருந்து எழுதித் தர மாட்டார். யாருக்கும் கையால் போதை ஊசி போட்டுவிடவும் கூடாது. இதில் கண்டிப்பு வேண்டும். கை நடுங்குகிறவர் "நீ போட்டு விடுண்ணே" என்று கெஞ்சுவார். போட்டுவிட்டு அவருக்கு ஏதாவது ஆனால் பியர் மீது கொலை வழக்கு வரைக்கும் போகும்.

"தானே போதையில இருக்கிறவன் இன்னொருத்தனுக்கு எப்படிங்க புத்தி சொல்றது?"

புத்தி சொல்வது அவர் வேலையே இல்லை. எந்த நேரத்தில் யார் எங்கே கூடுகிறார்கள், புதிதாக என்ன மாத்திரை ஊருக்குள் வந்திருக்கிறது, எந்த மருந்துக்கடையில் ஊசி கேட்டால் விரட்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் சுகாதார ஆய்வாளர் நுழைந்தால் நான்கு பேரும் வாய்க்காலைத் தாண்டி ஓடுவார்கள். பியர் போனால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 1984-இல் ஆம்ஸ்டர்டாமில், மஞ்சள் காமாலை பரவியபோது ஊசி மாற்றும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கி நடத்தியதே அங்கே போதைப் பழக்கத்தில் இருந்தவர்களின் சங்கம்தான். இந்தியாவில் 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மணிப்பூரில் ஊசிப் பழக்கம் வழியே அது வேகமாகப் பரவியது. அங்கே பாடுபட்டு ஊசி விநியோகத்தைக் கட்டியெழுப்பியவர்களிலும் பழக்கத்தில் இருந்தவர்கள் ஏராளம்.

"எங்க பக்கம் ஊசியெல்லாம் கெடையாதுங்க, வெறும் மாத்திரைதானே?"

அந்த மாத்திரையைத்தான் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். டேபென்டடால் மாதிரியான வலி மாத்திரைகள் டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. தூக்க மாத்திரையும் சேர்ந்துகொள்கிறது. "மாத்திரைதானே" என்று வீட்டார் ஆறுதல்பட்டுக்கொள்ளும் அந்த ஒன்றிரண்டு வருடத்தில்தான் நரம்பு கெட்டுப்போகிறது.

மாத்திரையில் மருந்து கொஞ்சம், மாவும் டால்க்கும் மெழுகும் மீதி. வயிற்றுக்குள் போனால் அவற்றால் தொல்லை இல்லை. ரத்தத்துக்குள் போனால் கரையாமல் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். நரம்பு தவறித் தமனியில் ஏறிவிட்டால் கையே தீப்பிடித்த மாதிரி எரியும், விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, கறுக்கும். அப்படி எரிந்த உடனே, "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று உட்காராமல், கையை உயர்த்திப் பிடித்தபடி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதத்தால் விரலை எடுக்க நேர்கிறது. ஊசி ஏற்றாமல் விழுங்குகிறவரை ஊசிக்கு மாறாமல் இருக்க வைப்பதே பியர் செய்யக்கூடிய பெரிய காரியங்களில் ஒன்று. நீண்ட பேச்சு வேண்டாம், இந்த மாவு விஷயத்தைச் சொன்னாலே பலர் யோசிக்கிறார்கள்.

"ஊசிய நீங்களே கொடுத்தா பழக்கம் கூடத்தானே செய்யும்?"

ஊசி கிடைக்காததால் யாரும் பழக்கத்தை நிறுத்துவதில்லை, அடுத்தவர் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஊசி மாற்றும் திட்டங்களால் எச்.ஐ.வி. பரவல் குறைகிறது, பழக்கம் கூடுவதில்லை என்றுதான் காட்டியிருக்கின்றன. ஊசி வாங்க வருகிறவர்தான் ஒருநாள் பரிசோதனைக்கும், இன்னொரு நாள் சிகிச்சைக்கும் வருகிறார். வாசலே இல்லாத வீட்டுக்குள் யார் வர முடியும்?

"பையில என்னென்ன இருக்கணும்?"

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டு, அத்தனை ஊசி. மூன்று முறை போடுகிறவருக்கு ஒரு ஊசி கொடுத்தால் மீதி இரண்டு முறை பழைய ஊசிதான் ஏறும். அளவையும் கேளுங்கள். மாத்திரை கரைசலுக்கு 2 மில்லி தேடுகிறவரிடம் 1 மில்லி இன்சுலின் ஊசியைத் திணித்தால் அது குப்பைக்குத்தான் போகும். ஆனால் ஒன்று சொல்லிக் கொடுங்கள்: ஊசிமுனை சிரிஞ்சோடு ஒட்டியே வரும் இன்சுலின் வகையில் மீதி ரத்தம் மிகக் குறைவாகத் தங்கும், கழற்றி மாட்டும் வகையில் அதிகம் தங்கும்.

ஸ்பிரிட் பஞ்சு, சிறு ஆம்பூலில் அடைத்த சுத்திகரித்த நீர், புதிய பஞ்சு, ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம், ஆணுறை, கட்டுத்துணி, கூர்மையானதைப் போட்டு வைக்கும் கெட்டியான டப்பா. இவ்வளவும் ஒரு சின்னத் தோள்பையில் அடங்கும். தண்ணீர் ஆம்பூலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இல்லாத இடத்தில் வாய்க்கால் தண்ணீரையோ கைப்பம்புத் தண்ணீரையோ எடுத்துக் கரைக்கிறார்கள். குளிரும் காய்ச்சலுமாக ஆரம்பித்து இதய வால்வு வரைக்கும் கிருமி போவது அப்படித்தான்.

பலர் ஊசியை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு கிண்ணம், பஞ்சு, தண்ணீரைப் பகிர்கிறார்கள். "நான் யார் ஊசியையும் தொட்டதில்லை" என்று சத்தியம் செய்கிறவருக்கும் கல்லீரல் அழற்சி சி (ஹெபடைடிஸ் சி) வருவதற்கு இதுதான் வழி.

"போட்ட ஊசிய வாய்க்கால்ல வீசிட்டுப் போறாங்களே, அதுக்கு என்ன பண்றது?"

இந்த மண்ணில் இது பெரிய விஷயம். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு நடும் பெண்கள் முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறார்கள். வரப்போரம் வீசிய ஒரு ஊசி அவர்கள் காலில் ஏறும். ஊர்க்காரர்கள் பியரை அடிக்க வருவதும் பெரும்பாலும் இந்தக் கோபத்தில்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே கொடுக்கும் ஊசியின் எண்ணிக்கையைப் போலவே திரும்ப வாங்கும் எண்ணிக்கையையும் தினமும் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் எந்த இடத்தில் கூடியது என்று பாருங்கள்.

முனைக்கு மூடி மாட்ட முயல வேண்டாம், குத்துவது அப்போதுதான். முனை கீழ்நோக்கி இருக்கும்படி கெட்டி டப்பாவில் போடுங்கள். கையில் டப்பா இல்லாதவர் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வைத்துக்கொண்டு மறுநாள் கொடுக்கலாம், மினரல் வாட்டர் பாட்டில் போல மெல்லியது உதவாது. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி கூர்மையானவை குத்துத்தாங்கும் வெள்ளைக் கொள்கலனில் சேர்க்கப்பட்டு, அங்கீகரித்த கழிவு நிலையத்துக்குப் போக வேண்டும். முக்கால் பாகம் நிறைந்ததும் அரசு மருத்துவமனையிலோ திட்ட அலுவலகத்திலோ ஒப்படையுங்கள். எரிக்க வேண்டாம். புதைக்கவும் வேண்டாம், மழையில் மேலே வந்துவிடும்.

யாருக்காவது குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். டெட்டனஸ் ஊசியும், மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியும் கேளுங்கள். பயந்துபோன பெண்ணிடம் ஒரு உண்மையைச் சொல்லலாம்: எச்.ஐ.வி. உள்ள ஊசி ஒருமுறை குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 300-இல் ஒன்று. மருந்து எடுத்தால் அதுவும் வெகுவாகக் குறையும்.

"போட்டதும் மயங்கி விழுந்துட்டா என்ன செய்யணும்?"

வரிசையாகச் செய்யுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மார்பெலும்பின் நடுவில் கைமுட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை, குறட்டை மாதிரி ஒரு களகளச் சத்தம், மூச்சு நிமிடத்துக்கு பத்துக்கும் கீழ், உதட்டின் உட்புறமும் நகமும் சாம்பல் நிறம் என்றால் அது மூச்சடைப்பு. கறுத்த நிறத்தவருக்குத் தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஈறையும் நகத்தையும் பாருங்கள். 108-க்குச் சொல்லுங்கள், "ஆள் மூச்சு விடவில்லை, மயக்கம்" என்று ஆரம்பியுங்கள். வரும் வரை நிற்காமல் மூச்சூட்ட வேண்டும்: மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் இருப்பதை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, 5 வினாடிக்கு ஒரு மூச்சு. நெஞ்சு உயர்கிறதா பாருங்கள். நாடியே இல்லையென்றால் நெஞ்சழுத்தமும் சேர்க்க வேண்டும்.

வலி மாத்திரை, ஹெராயின் வகையின் வேலையை முறிக்கும் நலோக்சோன் ஊசி கையில் இருந்து, போடப் பயிற்சியும் பெற்றிருந்தால் 0.4 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு வராவிட்டால் இன்னொன்று. எழுந்ததும் "ஏன்டா கெடுத்துட்ட" என்று அடிக்கக்கூட வருவார், உடம்பெல்லாம் முறுக்கும். அவர் மீண்டும் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலை அதற்குப் பிறகும் இருக்கும். ஆகவே ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தூக்க மாத்திரைக்கும் சாராயத்துக்கும் நலோக்சோன் வேலை செய்யாது. ஆனால் கலந்து போட்டிருப்பார் என்ற சந்தேகம் இருந்தாலும் போடுவதில் கெடுதல் இல்லை.

"மோர் குடுத்தா, உப்புத் தண்ணி ஊத்துனா தெளியாதா?"

தெளியாது. மூச்சு குறைந்தவரின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்ச் செத்துப்போவார். கிணற்று நீரில் முக்குவது, நடக்க வைப்பது, பால் ஊசி போடுவது எல்லாமே நேரத்தைத் தின்கிற வேலைகள்.

"தினம் ஒரு மாத்திரை குடுக்கிறாங்களே, அது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?"

பியூப்ரெனார்பின் என்ற அந்த மாத்திரை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. போதை ஏற்றாமல், பழகிய மருந்து கிடைக்காதபோது வரும் உடம்பு முறுக்கையும் தேடலையும் நிறுத்துகிறது. சர்க்கரை நோயாளி தினம் மருந்து எடுப்பதைப் போல ஒருவர் வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தலாம். அதுதான் சிகிச்சை. எப்போது நிறுத்துவது என்பதை அவரும் டாக்டரும் தீர்மானிக்கட்டும். அக்கம்பக்கத்து வீட்டார் "இன்னுமா மாத்திரை?" என்று கேட்பதைப் பொறுக்காமல் ஆறாம் மாதமே நிறுத்தி, ஊசிக்குத் திரும்பியவர்கள் நிறைய.

தவறு நடப்பது பெரும்பாலும் முதல் நாளில். இன்னும் உடம்பில் வலி மாத்திரை இருக்கும்போது முதல் பியூப்ரெனார்பினைப் போட்டால் திடீரென்று கடுமையான முறுக்கு வந்து, "இது விஷம்" என்று ஓடிவிடுவார். கடைசியாக எடுத்து 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம் தொடங்கிய பிறகே முதல் டோஸ். முந்தின நாளே பியர் இதைச் சொல்லி வைத்தால் போதும், பலர் நிலைத்துவிடுவார்கள். கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும், அதுவரை பேசவோ எச்சில் விழுங்கவோ தண்ணீர் குடிக்கவோ வேண்டாம். விழுங்கிய மருந்து ஏறக்குறைய வீண். சிகிச்சை எங்கே என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவிக்கு 14446, எய்ட்ஸ் சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்களைக் கூப்பிடலாம். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் இயங்கும் போதை மீட்பு மையங்களையும் கேட்டுப் பாருங்கள்.

"புயல் வந்து ரோடு அடைச்சுட்டா தினம் எப்படிப் போறது?"

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது எத்தனை நாள் பஸ் ஓடவில்லை, எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் வந்து மருந்து எடுத்துப் பழகியவருக்கு இரண்டு நாள் விட்டுப்போனாலே முறுக்கு திரும்பும். கிடைத்ததைப் போட்டுக்கொள்வார்.

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது தேசிய அளவில் பியூப்ரெனார்பினைச் சில நாட்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள், அது ஒரு முன்னுதாரணம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலேயே டாக்டரிடம் பேசி, வானிலை எச்சரிக்கை வந்தால் யார் யாருக்கு எத்தனை நாள் மருந்து என்று எழுத்தில் முடிவு செய்து வைப்பது நல்லது. வீட்டுக்குப் போன மருந்து குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி இருக்க வேண்டும். ஊசியையும் மழைக்கு முன்பே இருமடங்காகக் கொடுத்து வையுங்கள்.

"மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி குடுத்தோம், சரியாப்போச்சு. அப்புறம் எதுக்கு டெஸ்ட்?"

கண் மஞ்சளாகி, பத்தியத்தோடு தானே சரியாகும் காமாலை வேறு. ஊசி வழியே வரும் கல்லீரல் அழற்சி சி பெரும்பாலும் மஞ்சளே காட்டாது. இருபது வருடம் உள்ளே இருந்து கல்லீரலைச் சுருக்கிய பிறகுதான் வயிறு வீங்கும். பயன்படுத்திய சிரிஞ்சுக்குள் அந்தக் கிருமி 63 நாள் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வு காட்டியிருக்கிறது. போன மாதம் மண்டபத்து இடுக்கில் ஒளித்து வைத்த ஊசியை எடுத்துப் போடுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

நல்ல செய்தி, இது முழுக்கக் குணமாகும் நோய். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்லீரல் கெடாதவருக்கு தினமும் மாத்திரை, 84 நாள். முதல் சோதனை கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்ப்பது, அது குணமான பிறகும் வாழ்நாள் முழுக்க பாசிடிவ் என்றே காட்டும். கிருமியே இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ. சோதனைதான் தீர்ப்பு. குணமானவர் பழைய கிண்ணத்துக்குத் திரும்பினால் மறுபடியும் வரும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. பி வகைக்கு உண்டு: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று தவணை.

"டெஸ்ட் எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடுமே?"

அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவரது சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், முடிவை அடுத்தவரிடம் சொல்வதும் சட்டப்படி தப்பு. ஆனால் சட்டம் வேறு, சொந்த ஊர் வேறு. நம்பிக்கை மைய வாசலில் நின்றாலே யாரோ ஒரு மாமா பார்த்துவிடுவார். அதனால் திருத்துறைப்பூண்டிக்காரர் மன்னார்குடியிலும், கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூரிலும் பார்த்துக்கொள்ளலாம், ஊர் எல்லைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பஸ் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பியர் நோட்டுப்புத்தகத்தில் பெயர் எழுதக் கூடாது. குறியீட்டு எண் மட்டும். அந்த நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் பொண்டாட்டி பார்த்து, ஊர் முழுக்கத் தெரிந்தால் பியருக்கு மறுபடியும் யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

"போலீஸ் பையைப் பிடிச்சா என்ன சொல்றது? விக்கிறவன் பேரைக் கேட்டா?"

சுத்தமான ஊசியை வைத்திருப்பது போதைப்பொருள் சட்டப்படி குற்றம் இல்லை. மேலே சொன்ன எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்க ஊசி, ஆணுறை, (பியூப்ரெனார்பின் போன்ற) மாற்று மருந்து கொடுப்பது குற்றமாகாது என்றே சொல்கிறது. பதிவு பெற்ற திட்டத்தில் ஊசி கொடுத்தவரும் வாங்கியவரும் வழக்குக்கு ஆளாக மாட்டார்கள் என்று அதிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அடையாள அட்டை, திட்டத்தின் கடிதம், அந்தப் பிரிவின் தமிழ் நகல் மூன்றும் பையில் இருக்கட்டும். பையில் போதைப்பொருளை வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைக் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. ஒருவர் செய்தால் மாவட்டம் முழுக்க மற்ற பியர்களின் கடிதத்துக்கு மதிப்புப் போய்விடும்.

பழக்கத்தில் இருப்பவருக்கு: போதைப்பொருள் உட்கொள்வதற்கு 27-ஆம் பிரிவில், ஹெராயின், மார்பின், கொக்கெய்ன் போன்றவைக்கு ஒரு வருடம் வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ, மற்றவைக்கு ஆறு மாதமோ 10,000 ரூபாயோ இரண்டுமோ. ஆனால் 64ஏ பிரிவின்படி, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடிக்கிறவர் மீது உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு தொடர முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்.

விற்கிறவர் பெயர் என்றால், சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. பியர் ஒருமுறை துப்புக் கொடுத்தார் என்று கிசுகிசு வந்தாலே போதும், அந்தத் தெருவில் ஊசி திரும்பி வருவதும், பரிசோதனைக்கு ஆள் வருவதும் நின்றுவிடும். காவல் ஆய்வாளரிடம் திட்ட அதிகாரி இதை முன்கூட்டியே, எழுத்தில் பேசி வைக்க வேண்டும். தெருமுனையில் பியர் தனியாகச் சமாளிக்க விடக் கூடாது.

"வீட்ல கட்டி வச்சுப் பட்டினி போட்டா பழக்கம் போயிடாதா? தனியார் மறுவாழ்வு மையத்துல தூக்கிட்டுப் போயிடுறாங்களே?"

வீட்டார் படும் வேதனை புரிகிறது. ஆனால் இதில் உயிர்ப் பயம் இரண்டு இருக்கிறது. வலி மாத்திரை, ஹெராயினைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல் முறுக்கு. உயிர் போவது அபூர்வம். சாராயத்தையோ தூக்க மாத்திரையையோ வருடக்கணக்கில் எடுத்தவரைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாவது நாள் வாக்கில் பிதற்றலும் நடுக்கமும் வந்து உயிர் போகலாம். அவர்களுக்கு மருத்துவமனையில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது பயம் வெளியே வந்த பிறகு. ஒரு மாதம் நிறுத்தியவருக்கு உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே போட்டால் மேலே சொன்ன மூச்சடைப்புதான். சிறையிலிருந்து வருகிறவருக்கும் இதே கதை. வெளியே வரும் தேதியைப் பியர் தெரிந்து வைத்துக்கொண்டு அந்த வாரம் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், தனியாகப் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி போதைப் பழக்கமும் அதற்குள் அடங்கும். கட்டிப்போடுவதும் அடிப்பதும் எந்தச் சட்டத்திலும் சிகிச்சை ஆகாது.

"பொம்பளைங்களும் இதுல இருக்காங்களா?"

இருக்கிறார்கள், கண்ணில் படாமல். ஆண் பியரிடம் பேச மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. பெண் பியர் இல்லாத திட்டம் அவர்களை எட்டாது. இதோடு, ஊசி போடாத மனைவிமாரையும் சேர்க்க வேண்டும். கணவன் வழியே தொற்று வருவது அவர்களுக்கு. ஆணுறை, பரிசோதனை, குழந்தைகளுக்கான பி தடுப்பூசி ஆகியவை அவர்களிடம் நேராகப் போக வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தச் சொல்ல வேண்டாம், கருவுக்கு ஆபத்து. டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மாற்று மருந்தில் தொடரலாம்.

"சம்பளம் கேட்டா சமூக சேவைன்னு சொல்றாங்க. குடுக்கணுமா வேண்டாமா?"

கொடுக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகுமுன் ஒரு சுற்று, இரவு எட்டுக்கு மேல் இன்னொரு சுற்று, இடையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று உழைக்கிறவருக்குக் கொடுப்பது தர்மம் இல்லை, கூலி. "கையில் பணம் கிடைத்தால் போதைக்குச் செலவழித்துவிடுவார்" என்று பிடித்து வைத்துக்கொள்வது மிகப் பெரிய அவமானம். வங்கிக் கணக்கில், சொன்ன தேதியில் போடுங்கள். பஸ் செலவும் செல்பேசிச் செலவும் தனி. அவருக்கும் பி தடுப்பூசி, குத்திவிட்டால் மருந்து ஆகியவற்றை முதல் வாரத்திலேயே உறுதி செய்யுங்கள்.

"பியரே மறுபடி அதிகமாப் போட ஆரம்பிச்சா வேலையை விட்டு எடுத்துடணுமா?"

எடுத்தால் மற்றவர்கள் கற்கும் பாடம் ஒன்றுதான்: உண்மையைச் சொன்னால் வேலை போகும். பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையில் சேரும் நாளிலேயே இரு தரப்பும் பேசி விதி எழுதிக்கொள்ளுங்கள்: நிதானம் இல்லாத நிலையில் களத்துக்கு வர வேண்டாம், விற்கக் கூடாது, கணக்கைப் பொய்யாக எழுதக் கூடாது. தடுமாறுகிறவருக்கு இரண்டு வாரம் அலுவலக வேலை, மாற்று மருந்தின் அளவை டாக்டரிடம் மறுபடி பார்ப்பது, அவர் பார்க்கும் ஆட்களைத் தற்காலிகமாக இன்னொருவர் பார்ப்பது என்று செய்யலாம். விற்றால் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

தடுமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் வேலைச்சுமை. ஒரு மாதத்தில் இரண்டு பேரைச் சாகக் கண்டவரிடம் மறுநாள் நோட்டை நீட்டி எண்ணிக்கை கேட்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் பியர்கள் தங்களுக்குள் பேச நேரம் கொடுங்கள், அதற்கும் கூலி உண்டு.

"பள்ளிக்கூடத்துல வந்து உங்க கதையைச் சொல்லுங்கன்னு கூப்பிடுறாங்க. போகலாமா?"

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, நல்லெண்ணத்தோடு கூப்பிட்டாலும். பழகியவர் மேடையேறித் தன் கதையைச் சொல்லிப் பயமுறுத்துவதால் மாணவர்களிடம் பழக்கம் குறைவதில்லை என்று ஐக்கிய நாடுகளின் தடுப்புத் தரநிலைகளே சொல்கின்றன. சில பிள்ளைகளுக்கு ஆர்வம்தான் கூடும். பியரின் முகமும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் தனியாகப் பேசச் சொன்னால் போகலாம்.

"கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குக் கூப்பிட்டா என்ன பேசணும்?"

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, ஒப்புகை ரசீது எண்ணைக் குறித்து வையுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அங்கே ஊசிக் கழிவுப் பெட்டியைக் கேட்பது எளிது, நடவுப் பெண்களே ஆதரிப்பார்கள். ஆனால் கிராம சபையில் யாரும் தன் பழக்கத்தைச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

"எங்களுக்கு மரியாதை வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். எண்ணோடு பேசுங்கள்: மருந்து மையம் காலை 9-க்குத் திறந்தால் கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார், 7 மணிக்குத் திறக்க வேண்டும். எத்தனை பேர் இந்த மாதம் நேரத்தால் விட்டுப்போனார்கள், நோட்டில் இருக்கிறது. 108 வண்டியில் நலோக்சோன் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு பியரை நாற்காலியில் உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேராகப் போங்கள், முடிவு எடுக்கும் கூட்டத்துக்கே கூப்பிடச் சொல்லுங்கள், முடிவு சொல்லும் கூட்டத்துக்கு வேண்டாம்.

"எங்க ஊர்ல தெரிஞ்சது ஒரே ஒரு ஆள்தான். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

அந்த ஒருவரிடமிருந்துதான். அவரிடம் வேறு யார் பெயரையும் கேட்காதீர்கள். அவருக்கு எது கிடைக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் ஊசியோ, கையில் சீழ்க்கட்டிக்குக் கட்டோ இருக்கும். அதைச் செய்து கொடுங்கள். கட்டியைக் கீறவோ பிதுக்கவோ விடாமல், காய்ச்சலோ சிவப்புக் கோடோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், வரிசையில் கூட நில்லுங்கள். அடுத்த வாரம் அவரே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

நான்கைந்து பேர் ஆனதும் ஒரு தாளில் ஊர் வரைபடம் வரையச் சொல்லுங்கள்: எங்கே கூடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் ஊசி தருகிறார்கள், எந்த வாய்க்கால் கரையில் ஊசி கிடக்கிறது. மீன்பிடித் துறைமுகம், ரயில் நிலையப் பின்புறம், களத்துமேடு என்று இடங்கள் அவர்கள் வாயிலிருந்தே வரும். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில், அறுவடை நாட்களில், திருப்பூரிலிருந்து பையன்கள் பொங்கலுக்கு வரும் வாரத்தில் எங்கே மாறுகிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்க வேண்டாம், திட்ட அலுவலகத்தில் பூட்டி வையுங்கள்.